சம்மதத்தின் பொறியியல்

ஸ்கூபா டைவிங் போக முன்பதிவு செய்து பணமும் கட்டியானதும், வாட்ஸப்பில் ஒரு லிங்க் வரும். திறந்தால் படிவம். பெயர், பிறந்த தேதி, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண், உடல்நலம் பற்றிய கேள்விகள். பிறகு 'ஆபத்தை அறிவேன், எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல' என்கிற தோரணையில் ஒரு நீண்ட பத்தி. கடைசியில் டிக் அடிக்க ஒரு பெட்டி, விரலால் கையெழுத்துப் போட ஒரு கட்டம். ஆட்டோவில் போகும்போதே நிரப்பி அனுப்பிவிடலாம்.

வெய்வர் எனப்படும் இந்தப் பொறுப்புத் துறப்புப் படிவம் இன்று ஜிம், டிராம்போலின் பூங்கா, கோ-கார்ட் தடம், டாட்டூ கடை என்று எங்கும் வந்துவிட்டது. ஆயத்த மென்பொருளை வைத்து யார் வேண்டுமானாலும் சிறிது நேரத்தில் ஒன்றை உருவாக்கிவிட முடியும். ஆனால் விபத்து என்று ஒன்று நடந்து வழக்கு வந்தால் அந்தப் படிவம் நிற்குமா, விழுமா? அதைத் தீர்மானிப்பதில் வக்கீல் எழுதித் தந்த வாசகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு எழுத்தின் அளவுக்கும் நிறத்துக்கும் பொத்தான் இருக்கும் இடத்துக்கும் உண்டு. படிவத்தை வடிவமைப்பவர் தெரிந்தோ தெரியாமலோ இயற்பியல், கண்ணின் உடலியல், கணிதம், சட்டம் எல்லாவற்றிலும் கை வைக்கிறார்.

கேள்விக்குப் பின்னால் ஒரு விதி

டைவிங்கையே எடுத்துக்கொள்வோம். அந்தத் துறையின் பயிற்சி அமைப்புகள் பரவலாகப் பயன்படுத்தும் மருத்துவக் கேள்வித்தாள் 2020இல் புதுப்பிக்கப்பட்டது. முதல் பக்கத்தில் பத்தே கேள்விகள். முதல் கேள்வியே நுரையீரல், மூச்சு, இதயம், ரத்தம் பற்றியது. காரணம் ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி: வெப்பநிலை மாறாதபோது வாயுவின் மேலுள்ள அழுத்தம் பாதியானால் அதன் கன அளவு இரட்டிப்பாகும்.

கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல இரு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து ஆறு லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டே ஒருவர் மேலே வந்தால், மேற்பரப்பில் அந்தக் காற்றுக்குப் பன்னிரண்டு லிட்டர் இடம் தேவைப்படும். நுரையீரலில் அவ்வளவு இடம் கிடையாது. அதனால்தான் 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பது ஸ்கூபாவின் முதல் பாடம். மூச்சுக்குழாய் சுருங்கியவருக்கோ, அவர் மூச்சை விட்டுக்கொண்டே வந்தாலும் சிற்றறைகளில் காற்று சிக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ஆக, 'ஆஸ்துமா உண்டா?' என்ற கேள்வி சம்பிரதாயத்துக்குக் கேட்பது இல்லை. அது பாயில் விதியை வாடிக்கையாளரிடம் கேள்வியாகக் கேட்பது.

கேள்வித்தாளின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. பத்துக்கும் 'இல்லை' என்றால் அதோடு வேலை முடிந்தது. மூன்றாவது, ஐந்தாவது, பத்தாவது கேள்விகளில் எதற்காவது 'ஆம்' என்றால் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். உடல் உழைப்புக்குத் திணறுவது, கடந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை, மருத்துவர் எழுதித் தந்து தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஆகியவற்றைப் பற்றியவை அவை. மற்ற ஏழில் 'ஆம்' என்றால் இரண்டாம் பக்கத்தில் அதற்கென்று உள்ள கட்டத்துக்குப் போக வேண்டும். உதாரணமாக, '45 வயதைத் தாண்டியவரா?' என்பதற்கு ஆம் சொன்னவரிடம் மட்டும் புகைப்பழக்கம், கொழுப்பு, ரத்த அழுத்தம் பற்றி விசாரிக்கும். தாளில் இது குழப்பும் வேலை. அம்புக்குறியைத் தேடிப் பக்கம் புரட்ட வேண்டும். திரையில் அந்தக் கிளைப் பிரிவு தானாகவே நடக்கும். இருபத்தைந்து வயதுக்காரர் கண்ணில் கொழுப்புக் கேள்வி படவே படாது. இணையப் படிவத்தின் உண்மையான பலம் இதுதான்: சம்பந்தமில்லாத கேள்வியை மறைத்து, சம்பந்தமுள்ள கேள்விக்குக் கவனத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது.

பெயரும் தேதியும்

உடல்நலக் கேள்விகளைவிடச் சுலபமானவை என்று நாம் நினைக்கும் இரண்டு பெட்டிகளில்தான் தவறுகள் அதிகம் நுழையும்.

முதலாவது பெயர். 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைப்பது மேற்கத்திய வழக்கம். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை. ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கியவர்களுக்கு இதன் விளைவு நன்றாகவே தெரியும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான எஃப்என்யூ அவர்களுடைய ஆவணங்களில் பெயராகவே ஏறிவிடுகிறது. வெய்வரில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்றால், கையெழுத்திட்டவர் யார் என்பதே பின்னால் கேள்வியாகும். பிரிட்டன் அரசு தன் இணையச் சேவைகளுக்காக உருவாக்கிய வடிவமைப்பு வழிகாட்டி, முடிந்த இடங்களில் 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வைக்கச் சொல்கிறது.

இரண்டாவது தேதி. 03/04/2008 என்பது சென்னைக்காரருக்கு ஏப்ரல் 3. அமெரிக்கச் சுற்றுலாப் பயணிக்கு மார்ச் 4. அந்த ஒரு மாதத்தில் பதினெட்டு வயது ஆகிறதா இல்லையா என்பதே மாறிவிடலாம். இந்தியாவில் பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில் 1903லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே தேதி பிழைத்தால் மொத்தப் படிவமும் பிழைத்தது. மேலே சொன்ன வழிகாட்டி பிறந்த தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என்று பெயரிட்ட மூன்று தனிப் பெட்டிகளைப் பரிந்துரைக்கிறது. நாள்காட்டியைத் திறந்து நாற்பது ஆண்டுகள் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போகும் சிரமமும் இதில் இல்லை. உள்ளே சேமிக்கும்போது ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், ஐஎஸ்ஓ 8601 தரப்படி எழுதிவிட்டால் எந்த நாட்டில் திறந்து படித்தாலும் ஒரே பொருள்தான்.

கண் எங்கே நிற்கிறது

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறது. விழித்திரையின் நடுக்குழி நமக்குத் தரும் தெளிவு இரண்டு பாகை அளவுதான். மீதியெல்லாம் மங்கல். திரையைப் படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் நின்று, குதித்து, இன்னோரிடத்தில் நிற்கிறது. ஒரு குதிப்பில் தவறிய இடம், பார்க்கப்படாத இடம்.

இத்தாலிய வடிவமைப்பாளர் மத்தேயோ பென்ஸோ 2006இல் கண்ணசைவைப் பதியும் கருவியை வைத்துப் படிவங்களைச் சோதித்தார். 'பெயர்' என்ற சொல்லை இடப்பக்க ஓரத்திலும் பெட்டியைத் தள்ளி வலப்பக்கத்திலும் வைத்தபோது, சொல்லிலிருந்து பெட்டிக்குக் கண் தாவ ஏறக்குறைய 500 மில்லிநொடி ஆனது. சொல்லைப் பெட்டியின் தலைக்கு நேர்மேலே வைத்தபோது அது 50 மில்லிநொடியாகக் குறைந்தது. சொல்லும் பெட்டியும் பெரும்பாலும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிட்டன. கைபேசியின் ஒடுங்கிய திரையில் ஒரே பத்தியாக, கேள்விக்குக் கீழே பெட்டி என்று அடுக்குவது இன்று வழக்கமாகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறத்துக்கும் அளவுகோல் இருக்கிறது. வெள்ளையில் கறுப்பு என்பது 21:1 என்ற உச்ச வேறுபாடு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது இணைய அணுகல் தரம். 'எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறேன்' என்ற வரியை வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பலில் போடும் பல தளங்கள் 3:1ஐக்கூடத் தொடுவதில்லை. அழகுக்காகச் செய்ததாகச் சொல்லலாம். நீதிமன்றம் அப்படிப் பார்ப்பதில்லை.

நீதிபதிகள் பார்த்த பொத்தான்கள்

1934இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வேல்ஸின் லாண்டுட்னோவில் காபிக் கடை வைத்திருந்த பெண்மணி சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் ஒன்று வாங்கினார். பழுப்பு நிறத் தாளில் பொடி எழுத்தில் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்தும் போட்டார். இயந்திரம் சீக்கிரமே மக்கர் செய்தது. பொடி எழுத்திலோ விற்பனையாளருக்குச் சாதகமான விலக்கு இருந்தது. கையெழுத்திட்டாகிவிட்டது, படித்தாரா இல்லையா என்பது பேச்சில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெய்வர் தயாரிப்பவர்களின் நம்பிக்கை இன்றுவரை இந்த எல்'எஸ்ட்ரேஞ்ச் வழக்கின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. கையெழுத்தில்லாத சீட்டுகளிலும் அறிவிப்புகளிலும் ஒளிந்திருக்கும் கடுமையான நிபந்தனைகளைப் பற்றி 1956இல் டென்னிங் பிரபு, சிலவற்றைச் சிவப்பு மையில் அச்சிட்டு, அதைச் சுட்டும் சிவப்புக் கை ஒன்றையும் போட்டால்தான் போதுமான அறிவிப்பு ஆகும் என்றார். 1970இல் லண்டன் கார் நிறுத்துமிட வழக்கில் அதை மேலும் கொண்டுபோனார். இயந்திரம் சீட்டைத் துப்பிய பிறகு உள்ளே தூணில் ஒட்டியிருக்கும் நிபந்தனையைக் காட்டிப் பயனில்லை. ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, இயந்திரத்தோடு யாரும் வாதாட முடியாது என்பது அவர் கருத்து. ஸ்கூபா நிறுவனம் இதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு, படகு ஏறும் நேரத்தில் வெய்வரை நீட்டினால் மறுக்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்கு எங்கே இருக்கிறது? முன்பதிவின் போதே, 'சம்மதமில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும்' என்ற உறுதியோடு காட்டுவதுதான் பொருத்தம்.

அமெரிக்காவில் அதே சிக்கல் திரைக்கு வந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் ஒரு மென்பொருளைப் பதிவிறக்கியவர்கள் அதன் நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டவர்களா என்ற வழக்கில் 2002இல் தீர்ப்பு வந்தது. பதிவிறக்கப் பொத்தான் திரையில் தெரிந்தது. நிபந்தனைக்கான லிங்கோ அதற்குக் கீழே, உருட்டிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. உருட்ட வேண்டிய தேவை பயனருக்கு இல்லை, ஆகவே சம்மதமும் இல்லை என்றது நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமயோர். அதே நீதிமன்றம் 2017இல் உபர் வழக்கில் எதிர்ப்பக்கம் போனது. அங்கே பதிவுப் பொத்தானுக்கு நேர்கீழே, உருட்டாமலே தெரியும்படி, நீல நிறத்தில் அடிக்கோடிட்ட லிங்க் இருந்தது. 2022இல் இன்னொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், சுற்றியுள்ள எழுத்தைவிட மிகச் சிறிதாக, சாம்பல் நிறத்தில் இருந்த அறிவிப்பைப் போதாது என்று தள்ளியது. இந்த மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், வடிவமைப்புப் பயிற்சி வகுப்பின் குறிப்பேடு போலவே இருக்கிறது.

டிக் அடிப்பது யார்?

இவ்வளவு செய்தாலும் ஆட்கள் படிப்பார்களா? கனடாவின் ஜோனதன் ஓபரும் அமெரிக்காவின் அன்னே ஓல்டார்ஃப்-ஹிர்ஷும் இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தைப் போலியாக உருவாக்கி 543 பேரைச் சேரச் சொன்னார்கள். படிக்கப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் சேவை நிபந்தனைகளை அவர்கள் சராசரியாகப் பார்த்த நேரம் 51 நொடி. அந்த நிபந்தனைகளில், கட்டணமாகத் தலைச்சன் குழந்தையைக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. ஆய்வில் இருந்தவர்களில் 98 சதவீதம் பேர் ஒளித்துவைத்த இப்படிப்பட்ட பொறிகளைக் கவனிக்கவே இல்லை.

முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டியின் சக்தி இதைவிடப் பெரியது. உறுப்பு தானத்துக்குச் சம்மதமா என்பதை எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003இல் நாடுவாரியாக ஒப்பிட்டார்கள். விருப்பமுள்ளவர் தாமே பதிய வேண்டும் என்றிருந்த ஜெர்மனியில் 12 சதவீதம். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம் என்றிருந்த ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மொழி. மனிதர்கள் பெரும்பாலும் இருப்பதை இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். இதனால்தான் ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல், முன்பே டிக் அடித்த பெட்டி சம்மதமாகாது என்று சொன்னது. வெய்வரில் ஒவ்வொரு முக்கிய ஆபத்துக்கும் எதிரே காலியான ஒரு பெட்டி வைத்து, அவரே தொடும்படி செய்வது இரண்டு வேலை செய்கிறது: கண்ணை அங்கே நிறுத்துகிறது, நின்றது என்பதற்குப் பதிவும் வைக்கிறது.

கிறுக்கலுக்குப் பின்னால் 64 எழுத்துகள்

விரலால் போடும் கையெழுத்து சொந்தக் கையெழுத்து மாதிரியே இருக்காது. அதன் மதிப்பு கோட்டின் வளைவில் இல்லை. எந்த வாசகத்தைப் பார்த்து, எந்த நொடியில், எந்தச் சாதனத்திலிருந்து அது போடப்பட்டது என்ற பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவு பிறகு திருத்தப்படவில்லை என்பதை எப்படிக் காட்டுவது?

அதற்குத்தான் ஹாஷ். ஷா-256 என்ற கணிப்பு எவ்வளவு நீளமான கோப்பையும் 256 பிட்டாக, எழுதினால் 64 எழுத்தாகச் சுருக்கிவிடும். அதே கோப்பு என்றால் அதே 64 எழுத்து. கோப்பில் '10 மீட்டர்' என்பதை '12 மீட்டர்' ஆக்கினால், 256 பிட்களில் சராசரியாகப் பாதி தலைகீழாகிப் புதிய விடை வரும். விடையிலிருந்து பின்னோக்கிப் போய்க் கோப்பைத் தயாரிக்க இன்று வழியில்லை. சாத்தியமான விடைகளின் எண்ணிக்கை மட்டுமே 78 இலக்கம் கொண்டது.

இது வெறும் கணினிக்காரர்களின் பழக்கமாக இல்லாமல் இந்தியச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தர ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழின் மாதிரியிலேயே ஹாஷ் மதிப்பை எழுத இடமும், எந்த முறையில் கணக்கிட்டது என்று டிக் அடிக்கப் பெட்டிகளும் இருக்கின்றன: ஷா-1, ஷா-256, எம்டி5, பிற. இதில் எம்டி5 2004லும் ஷா-1 2017லும் உடைந்துவிட்டன. இரு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வரும்படி செய்துகாட்டிவிட்டார்கள். புதிதாகப் படிவம் அமைப்பவர் ஷா-256ஐத் தேர்ந்தால் பின்னால் வாதத்துக்கு இடமில்லை.

ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. கோப்பும் ஹாஷும் நிறுவனத்திடம் மட்டுமே இருந்தால், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம். ஆகவே கையெழுத்தான அதே நொடியில் முழு நகலும் ஹாஷும் வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் போய்விட வேண்டும். எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நகல்தான் நிறுவனத்துக்கும் நல்ல காவல்.

எதைத் துறக்க முடியாது

எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் வெய்வருக்கு எல்லை உண்டு. பிரிட்டனில் சட்டம், தன் அலட்சியத்தால் விளைந்த மரணத்துக்கோ காயத்துக்கோ ஒரு வணிகம் பொறுப்பைத் துறக்கவே முடியாது என்கிறது. நியூயார்க் மாநிலத்தில் கட்டணம் வாங்கும் பொழுதுபோக்கு இடங்களின் அப்படிப்பட்ட துறப்புகள் செல்லாது. இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில, தேசிய ஆணையங்களுக்குப் போக வழி வைத்திருக்கிறது. வாசகத்தை அளவுக்கு மீறி நீட்டினால் அவமானமும் மிஞ்சும். அமெரிக்காவில் டிஸ்னி வளாகத்து உணவகத்தில் சாப்பிட்டபின் ஒவ்வாமையால் ஒரு பெண் இறந்த வழக்கில், அவருடைய கணவர் பல ஆண்டுகளுக்கு முன் டிஸ்னியின் ஓடிடி சேவைக்குப் பதிந்தபோது ஏற்ற நிபந்தனையைக் காட்டி நிறுவனம் 2024இல் வழக்கை நடுவர் மன்றத்துக்குத் திருப்பப் பார்த்தது. எழுந்த கண்டனத்தில் அந்தக் கோரிக்கையை அதுவே திரும்பப் பெற்றுக்கொண்டது.

கேட்கும் தகவலுக்கும் எல்லை உண்டு. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: தொலைமருத்துவச் செயலி சிகிச்சைக்கான தகவலோடு கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, பயனர் சரி என்கிறார். பட்டியல் சிகிச்சைக்குத் தேவையில்லை என்பதால் அவர் சரி சொன்னாலும் அந்தப் பகுதிக்குச் சம்மதம் கிடையாது. டைவிங் படிவத்தில் ஆஸ்துமா பற்றிக் கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். மாத வருமானம் எதற்கு? மேலும் இச்சட்டம் சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழ் அதில் ஒன்று. ஆங்கில வெய்வரைத் தமிழருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கும் கடைகளுக்கு இது நேரடியான சேதி.

படிவம் தேறிவிட்டதா என்று சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. உங்கள் தொழில் தெரியாத ஐந்தாறு பேரை அழைத்து, அவரவர் கைபேசியில் நிரப்பச் சொல்லுங்கள். முடித்ததும் போனை வாங்கி வைத்துக்கொண்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: இதில் என்ன ஆபத்து? எதற்கு நீங்கள் பொறுப்பு, எதற்கு நாங்கள்? எந்த உடல்நிலை உள்ளவர் வரக் கூடாது? பதில் தடுமாறும் இடம் ஒவ்வொன்றும் திருத்த வேண்டிய இடம். வாசகத்தைச் சுருக்குங்கள், பெட்டியை மேலே கொண்டுவாருங்கள், எழுத்தைக் கறுப்பாக்குங்கள், மறுபடி வேறு ஆட்களிடம் கொடுங்கள். மூன்றுக்கும் அவர்கள் தங்கள் வார்த்தையில் பதில் சொல்லும் நாளில் அந்தப் படிவம் நீதிமன்றத்துக்குத் தயார். அவ்வளவு தெளிவான படிவத்தைப் படித்துவிட்டு, இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று ஒருவர் தாமாகவே முடிவெடுத்தால், நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய வேலையே இல்லாமல் போகலாம்.